பெண்கள் ஏறக் கூடாத மாடி

போன மாதம் ஹட்டன் கடைவீதியில் நடந்துகொண்டிருந்தபோது வினாகிரியும் காய்ந்த மிளகாயும் சூடான சட்டியில் சேர்ந்து புகைகிற வாசனை மூக்கில் ஏறியது. தொடர்ந்து தும்மினேன். பக்கத்தில் வந்த என் மகள், "சளி பிடிச்சிருச்சாம்மா?" என்றாள். சளி இல்லை. எங்கேயோ ஒரு கடையின் பின்கட்டில் யாரோ டெவல் போடுகிறார்கள். கோழியோ மீனோ உருளைக்கிழங்கோ, பெரிய வெங்காயத்தோடு பெரிய தீயில் புரட்டி எடுப்பது. குடிக்கிறவர்கள் தொட்டுக்கொள்வதற்கு. எங்கள் ஊரில் இதை 'பைட்' என்பார்கள். அந்தப் புகை பட்டதும் எனக்குக் கண் கலங்கியது. மிளகாயால் என்று மகளிடம் சொன்னேன். உங்களிடம் பொய் சொல்வானேன்? கோபத்தால்.

அந்த வாசனையில்தான் என் முதல் வேலை தொடங்கியது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை, நடராஜா முதலாளி கூப்பிட்டு வேலை கொடுத்தார். ஹட்டனில் கீழே அவருக்குப் பலசரக்குக் கடை. மேலே மாடியில் சாப்பாட்டுக் கடை, பியர் விற்கிற அனுமதியோடு. பியர் மட்டும்தான். சாராயம் கிடையாது. மாலையானால் மாடி ஜன்னல்களில் மஞ்சள் விளக்கு எரியும். சனிக்கிழமைகளில் ஒருவர் கீபோர்டு வைத்துப் பழைய பாட்டு வாசிப்பார். ஒரு மூலையில் திரைச்சீலை போட்டுக் குடும்பங்களுக்கென்று தனி இடம். நான் காசாளர்.

"உங்கப்பன் குடிக்கிறது போதாதா, நீ வேற ஊத்திக் குடுக்கப் போறியா?" என்றாள் அம்மா.

"நான் ஊத்த மாட்டேன்மா. பில்லுதான் போடுவேன்."

இதைச் சொன்னவள், இரண்டாவது வாரமே ஒரு நாள் பரிமாறுகிறவர் வராததால் ஊற்றத்தான் செய்தேன். போத்தலை நேராகக் கவிழ்த்துவிட்டேன். கிளாஸ் முழுக்க நுரை, அடியில் கொஞ்சம் பியர். சாப்பிட வந்திருந்த ரயில்வேக்காரர் ஒருவர் கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, சவர்க்காரம் கரைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். மாடி முழுக்கச் சிரித்தது. வீட்டில் என் கூடப்பிறந்த அக்காவிடம் இரவல் வாங்கின ஸ்வெட்டருக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். அதற்கும் மேல்பொத்தான் இல்லை.

அன்றைக்குச் சமையலறையிலிருந்து வெளியே வந்து கிளாஸைச் சாய்த்துப் பிடித்து எப்படி ஊற்றுவது என்று காட்டியவர் சிவகாமி அக்கா. அந்த மாடியின் சமையல்காரி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். கணவர் பெருங்குடிகாரர். அவரைச் சகிக்க முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்து, கடைகளில் பாத்திரம் கழுவி, கழுவிக்கொண்டே சமையல் கற்றவர். அவர் கை பட்ட டெவலுக்காகவே நுவரெலியாவிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். அவருக்குச் சத்தம் அதிகம், சிரிப்பும் அதிகம். யாராவது அளவு மீறுகிறார்கள் என்று தெரிந்தால் சமையலறை வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நிற்பார். "அண்ணே, வீட்டுல அண்ணி பாத்துக்கிட்டு இருப்பாங்க. சோத்தப் போடவா?" என்பார். அதற்கு மேல் எவரும் போத்தல் கேட்டதில்லை. முதலாளி சொன்னால்கூடக் கேட்காதவர்கள் அவர் சொன்னால் கேட்பார்கள்.

அம்மா ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றாள். வேவு பார்க்கத்தான். கொழுந்துக்குப் போய்வந்த கறை விரலில் அப்படியே இருந்தது. நல்ல சேலை கட்டியிருந்தாள். திரைக்குப் பின்னால் உட்கார வைத்துக் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அவள் கண் ரொட்டியில் இல்லை. எதிர் மேசையில் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, மனைவி, சின்னப் பிள்ளை. அவர் முன்னால் ஒரு பியர். மனைவி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் கீபோர்டு பாட்டைக் கேட்டுக்கொண்டு ஏதோ பேசிச் சிரித்தார்கள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குடிக்கிறவன் இப்படியும் இருப்பானா?" என்றாள் மெதுவாக. பிறகு, "உங்கப்பாவ ஒருநா கூட்டிட்டு வரவா?"

வந்தார்கள். அப்பா சட்டையை வெளுத்துப் போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, பள்ளிக்கூடத்து மேடையில் ஏற்றப்பட்ட பையன் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பியரை அவ்வளவு நேரம் குடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு டெவலில் இருந்த கோழித் துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தார். இன்னொரு போத்தல் கேட்க அவருக்கு ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. பெண்சாதி ஒரு பக்கம், பில் போடுகிற மகள் ஒரு பக்கம். எப்படிக் கேட்பார்? சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இருவரும் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போனார்கள். அம்மா படியிறங்கும்போது அப்பா அவள் கையைப் பிடித்திருந்தார். குடித்துவிட்டுத் தடுமாறாமல் அவர் அம்மா கையைப் பிடித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். அதன் பிறகு மாதம் ஒருமுறை வந்தார்கள்.

பௌர்ணமியில் வருகிற போயா தினத்தில் எங்கள் மாடி பூட்டியிருக்கும். நாடு முழுக்க மதுவுக்குத் தடையுள்ள நாள். முதலாளி அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் அதே நாளில் எங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள ஓடையோரம் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவனுக்குத் திருவிழா. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பிடிக்க மாட்டார்கள். முழுநிலா வெளிச்சத்தில் வரிசையாகப் போவார்கள், வருவார்கள், விழுவார்கள். சட்டம் என்பது விளக்குப் போட்டு, பெயர்ப்பலகை மாட்டி, வரி கட்டுகிறவனுக்கு மட்டும்தான் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மூளை தாமதமாகத்தான் வேலை செய்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம், மதுவரி அதிகாரிகள் மாடி ஏறி வந்தார்கள். வழக்கமான சோதனை என்று நினைத்தோம். அவர்களில் மூத்தவர் போத்தல்களைப் பார்க்கவே இல்லை. நேராக என் மேசைக்கு வந்து என்னைக் கையால் காட்டி, முதலாளியிடம், "மெதன கேனு வெட கரன்ன பே" என்றார். இங்கே பெண்கள் வேலை செய்ய முடியாதாம்.

முதலாளிக்கு விளங்கவில்லை. சிங்களம் விளங்கியது, விஷயம் விளங்கவில்லை. "அவ காசு வாங்குற புள்ளைங்க. போத்தலத் தொடுறது இல்லீங்களே" என்றார். அதிகாரி தமிழும் தெரிந்தவர்தான். மது விற்கிற இடத்தில் பெண்களை வேலைக்கு வைக்க மேலிடத்தில் முன்னனுமதி எடுக்க வேண்டும், எடுக்கவில்லை, பெண்களுக்கு மது விற்கவும் கூடாது, இது பழைய சட்டம், உங்களைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது என்றார். பெண்களைப் பாதுகாக்கத்தான் இந்தச் சட்டம் என்றும் சொன்னார். அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சோறு போடுகிற நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிக்கொண்டே.

சிவகாமி அக்கா அகப்பையோடு வெளியே வந்தார்.

"மாத்தயா, நானும் பொம்பளதாங்க. நானும் போகணுமா?"

"ஓம். ரெண்டு பேரும்."

"எங்க வீட்டுக்காரரு சாராயத் தவறணையில விழுந்து கெடப்பாரு. மழையில கைப்புள்ளையோட போயி, உள்ள பூந்து, தூக்கிட்டு வருவேன். எத்தன வருஷம்! ஒருநாளும் ஒருத்தரும், 'ஏம்மா, பொம்பள உள்ள வரக் கூடாது, சட்டம் இருக்கு'ன்னு சொல்லலீங்களே. சம்பாதிக்க வந்தா மட்டும் சட்டம் வந்துருச்சா?"

அதிகாரி புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அடுப்பில் சட்டி கருகியது. அக்கா போய் அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றி மடித்து என் மேசைமேல் வைத்தார்.

முதலாளி விடவில்லை. அனுமதி கேட்டுக் கண்டிக்கும் கொழும்புக்கும் அலைந்தார். இன்றைக்கு வாங்க, அடுத்த வாரம் வாங்க, பெரியவர் கூட்டத்தில் இருக்கிறார். ஆண்களை வைத்துச் சமைத்தால் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். இதற்குள் இன்னொரு புகார் கிளம்பியது. மது விற்கிற இடம் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இத்தனை தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று சட்டமாம், எங்கள் மாடி கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். பின்தெருவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அதற்கு வெள்ளிக்கிழமை பூசை செய்விக்கிறவரே முதலாளிதான். எங்கள் மாடியிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போவதென்றால் படியிறங்கி, பெருந்தெருவில் நடந்து, பேக்கரியைச் சுற்றி, ஒழுங்கையில் ஏறிப் போக வேண்டும். மூச்சு வாங்கும்.

அளக்க வந்தவர்கள் தெருவில் நடக்கவில்லை. ஒரு ஆளைக் கூரைத் தகரத்தில் ஏற்றினார்கள். தையற்கடைக் கூரை, சலூன் கூரை, புகைபோக்கி எல்லாவற்றுக்கும் மேலாக நாடாவைப் பிடித்துக் கோயில் கோபுரம் வரைக்கும் இழுத்தார்கள். காக்கா பறக்கிற வழி. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த சலூன்காரர், "பியர் குடிச்சவன் கோயிலுக்குப் பறந்தா போவான்?" என்று கேட்டார். கேட்டதற்கு ஒரு முறைப்புத்தான் கிடைத்தது.

அந்த வருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படவில்லை. பியர் இல்லாமல் சில மாதம் சாப்பாட்டுக் கடையாக ஓட்டிப் பார்த்தார். கூட்டம் குறைந்தது. சனிக்கிழமைப் பாட்டை நிறுத்தினார். திரைச்சீலையைக் கழற்றினார். பிறகு மாடியை மூடினார். இப்போது அங்கே தொலைபேசி உறை விற்கிறார்கள்.

இதெல்லாம் எதற்காக நடந்தது என்று நோர்வூட் போகிற எங்கள் வழியில், தோட்டத்துச் சந்தியில் விடை முளைத்தது. புத்தம்புதிய வைன் ஸ்டோர். பெரிய இடத்துச் சிபாரிசில் வந்தது. எங்கள் மாடி மூடியதும் அந்தப் பக்கத்தில் அனுமதிப்பத்திரத்துக்கு இடம் காலியாகிவிட்டது என்று முதலாளியிடம் பின்னால் யாரோ சொன்னார்களாம். நாற்காலி இல்லை, மேசை இல்லை, சோறு இல்லை, பாட்டு இல்லை. இரும்புக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். கையை உள்ளே விட்டால் போத்தல் வெளியே வரும். சாராயம்தான் முக்கிய வியாபாரம். சந்திக்கு நேர் மேலே மலைச்சரிவில் தோட்டத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறுக்குப் பாதையில் ஓடி இறங்கினால் பள்ளி மணி அடித்து முடிவதற்குள் வைன் ஸ்டோர் வாசலில் நிற்பார்கள். இங்கேயும் அளந்தார்கள். இங்கே காக்கா பறக்கவில்லை. கார் போனது. தார்ப்பாதை எத்தனை வளைவு வளைந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிறதோ, அத்தனை வளைவுக்கும் நாடா பிடித்தார்கள். தூரம் தாராளமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது சொல்லும்போதும் எனக்குக் கை சூடாகிறது.

அப்பாவுக்கு அதற்குப் பிறகு ஹட்டனுக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியிலேயே ஜன்னல். வாங்குகிறவர்கள் உட்கார இடமில்லாததால் மதகில் நின்று, தண்ணீர்கூடக் கலக்காமல், தலையை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு நடப்பார்கள். பக்கத்தில் பெண்சாதியும் இல்லை, மகளும் இல்லை, இடுப்பில் கை வைத்து நிற்க சிவகாமி அக்காவும் இல்லை. அப்பா சில வருடங்களில் ஈரல் கெட்டுப் போய்ச் செத்தார். திருட்டுச் சாராயம் இல்லை. சட்டப்படி விற்ற, வரி கட்டிய சரக்கு.

சிவகாமி அக்கா அதே வைன் ஸ்டோருக்கு எதிரே தள்ளுவண்டி போட்டார். கடலை, அவித்த முட்டை, டெவல். வேறு என்ன செய்வார்? தெரிந்த தொழில் அது ஒன்றுதான். கடைக்குள்ளே சமைத்தால் குற்றம், ரோட்டில் சமைத்தால் குற்றமில்லை. மலையில் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ரப்பர் சீட்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு நாள் பார்க்கப் போனேன். "பாத்தியா பாப்பா, மழையில நிக்கலாமாம், கூரைக்குக் கீழ நிக்கத்தான் கூடாதாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பழைய சத்தம் இல்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றைக் குடிகாரன் ஒருவன் துரத்திய மறுநாள் தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போகவில்லை. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே வந்து வைன் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் என் அம்மா. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே வண்டியோடு சிவகாமி அக்கா. கடை மூடினால் அவர் வண்டியும் இல்லை. அம்மாவுக்கு அது தெரியும். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சிவகாமி, ஒன்னைய வான்னு கூப்புட மாட்டேன். ஒம் பொழப்பு இது" என்றாள் அம்மா.

அக்கா கொஞ்ச நேரம் சட்டியைக் கிளறினார். பிறகு மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தார். அன்றைக்கு அவித்த முட்டைகள் எல்லாவற்றையும் தாம்பாளத்தில் கொட்டிக்கொண்டு வந்து, உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் வைத்தார். "காலையில இருந்து சாப்புடாமக் கெடக்குறீங்க. தின்னுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

பொலிஸ் வந்தது. எழுந்து போகச் சொன்னார்கள். ஒருவரும் எழவில்லை. அப்போது ஒரு பொலிஸ்காரர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "இது மதுபானசாலை வளவு. பொம்பளைங்க இருக்கக் கூடாது. சட்டம் இருக்கு, தெரியும்தானே?"

அம்மா எழுந்து நின்றாள். அவள் பெரிய பேச்சுக்காரி இல்லை. துரை வந்தால் தலையைக் குனிகிற தலைமுறை. அன்றைக்குக் குனியவில்லை.

"பொம்பள வரக் கூடாதுன்னா, பொம்பள சம்பளமும் வரக் கூடாதுங்க. நாங்க மலையில ஏறிப் பறிச்ச காசு, எங்க ஆம்பளைங்க கையில இந்தக் கம்பிக்குள்ள தெனமும் போகுது. அதத் தடுக்க ஒரு சட்டம் இருந்தா எடுத்துட்டு வாங்க. நாங்க எந்திரிச்சிப் போறோம்."

கடை ஒரு வாரம் பூட்டியிருந்தது. தோட்டம் முழுக்கச் சந்தோஷம். பிறகு பெரிய இடத்திலிருந்து பேசினார்கள், பேச்சுவார்த்தை என்றார்கள், ஜன்னல் திறந்தது. இரும்புக் கம்பி இன்னும் தடிப்பாக இருந்தது. சிவகாமி அக்காவின் வண்டியை மட்டும் வீதிக்கு இடைஞ்சல் என்று தூக்கிவிட்டார்கள். அவர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஊரில் ஒரு சட்டி பிடிக்க விடாதவர்கள், கடல் தாண்டி யாரோ வீட்டில் சட்டி கழுவ அவரை விமானம் ஏற்றி அனுப்பினார்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை. அதற்கு எல்லா முத்திரையும் ஒரே நாளில் விழுந்தது.

இடையில் ஒருமுறை, பெண்கள் மது விற்கிற இடத்தில் வேலை செய்யலாம், வாங்கலாம் என்று சட்டத்தை மாற்றிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். துள்ளிக்கொண்டு குவைத்துக்குப் பேசினேன்.

"மெய்யாவா? டிக்கெட் போடவா?" என்றார் அக்கா.

சில நாளில் அந்த மாற்றத்தை அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கலாசாரம் கெட்டுவிடுமாம். மறுபடி பேசினேன்.

"டிக்கெட் போட்டுட்டீங்களாக்கா?"

"போடல புள்ள. இவனுங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?"

இப்போது அவர் திரும்பி வந்துவிட்டார். மகனோடு கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறார். முழங்கால் வலி, நிற்க முடியாது. நடராஜா முதலாளி இல்லை. அம்மா இருக்கிறாள். சந்தியைத் தாண்டும்போது பஸ்ஸில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள்.

போன மாதம் அந்த மிளகாய்ப் புகை மூக்கில் ஏறிய அன்றைக்கு ஹட்டனில் எங்கள் வேலை முடிய இருட்டிவிட்டது. நோர்வூட் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, பனி இறங்கியிருந்தது, மகளுக்குக் கால் வலி. எங்கேயாவது உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடிக்கலாம் என்று தெருவை மேலும் கீழுமாக நடந்தோம். பேக்கரி கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். மற்ற கடைகளில் ஷட்டர் விழுந்திருந்தது. வெளிச்சம் இருந்தது வைன் ஸ்டோர்களில் மட்டும்தான், ஒவ்வொன்றின் முன்னாலும் ஆண்களின் முதுகுகள். தெருவில் எங்களைத் தவிர நின்ற பெண்கள் எல்லோரும் பஸ்ஸுக்காக அவசரப்படுகிறவர்கள்.

"ராத்திரியில இந்த ஊர்ல பொம்பளைங்க எங்கம்மா உக்காருவாங்க?" என்று மகள் கேட்டாள்.

உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிற பெண்களின் ஊரில், இருட்டிய பிறகு ஒரு பெண் உட்கார்ந்து தேநீர் குடிக்க ஒரு நாற்காலி இல்லை. இருந்தது, மகளே. எடுத்துவிட்டார்கள்.